முப்பத்தொரு தடவை போனவன்

சாப்பாட்டு மேசையில், ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில், நீ ஆள் எண்ணுகிற கருவி கிடக்கிறது மச்சான். உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளிநிறச் சாமான். விமானத்தில் ஏறுகிறபோது வாசலில் நிற்கிற பெண்பிள்ளை கையில் பிடித்திருப்பாளே, அதே சாதி. பெருவிரலால் ஒரு அமத்து, டிக் என்று ஒரு சத்தம், சின்னக் கண்ணாடிக்குள் இலக்கம் ஒன்று கூடும். பக்கத்துத் திருகைச் சுற்றினால் எல்லாம் பூச்சியமாகிவிடும். நான் சுற்றவில்லை. உன் மனுசி ராணி கொண்டுவந்து தந்த அன்று அதில் முப்பத்தொன்று நின்றது.

உன் செத்தவீடு முடிந்து மூன்றாம் கிழமை உன் மனுசி வந்தாள். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "அண்ணை, இவர் இதிலை உங்கட பேர் எழுதி ஒட்டி வைச்சிருக்கிறார். இவ்வளவு நாளும் மேசை லாச்சிக்குள்ளை கிடந்தது" என்று ஒரு பையை நீட்டினாள். உள்ளே இந்தக் கருவி, கூடவே கம்பிச் சுருள் போட்டுக் கட்டிய உன் அறிக்கை. அவள் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போன பிறகு என் மனுசி பவா கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னப்பா இது, முப்பத்தொண்டு காட்டுது?"

"சும்மா கிடந்த நம்பர்" என்றேன்.

சும்மா கிடந்த நம்பர் இல்லை என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த மடல். ஆனால் நான் எதையும் நேரே போய்ச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை, உனக்குத் தெரியாததா?

முதலில் இதை எழுதிவிடுகிறேன்: உன்மேல் எனக்குப் பொறாமை. ஆள் போய்விட்டாய், பொறாமை போகவில்லை. செத்தவர்மேல் எரிச்சல் வைத்திருக்கக் கூடாது என்று அந்தியேட்டிச் சடங்கில் ஐயர் சொன்னார். அவருக்கென்ன, அவருடைய சிநேகிதன் எவனும் சைக்கிள் பார்க்கிறதற்கென்று ஐரோப்பா முழுக்கப் பிளேனில் பறக்கவில்லை.

நியாயத்தைக் கேள். நம் இரண்டு பேருக்குள் சைக்கிள் என்றால் யார்? பெற்றோல் விலை ஏறிய அந்த வருசங்களில் யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிளில்தான் ஓடியது. டொக்டரும் சைக்கிள், தபால்காரரும் சைக்கிள், பொம்பிளை பார்க்கப் போகிற மாப்பிள்ளையும் சைக்கிள். அந்தப் பெருங்கூட்டத்துக்குள்ளே இரண்டு கையையும் விட்டுவிட்டு, வாழைப்பழம் உரித்துத் தின்றபடி, பின் கரியரில் உன்னையும் உன் கணக்குக் கொப்பிகளையும் ஏற்றிக்கொண்டு ரியூசனுக்கு ஓடினவன் நான். நீயோ, சீற்றைக் கடைசி மட்டும் இறக்கி, இரண்டு காலும் நிலத்தில் முட்டினால்தான் சைக்கிளில் ஏறுவாய். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் குதித்து இறங்குவாய். நாற்பது வருசமாக இந்தக் கதையை நான் சபையில் எடுக்கும்போதெல்லாம், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே குறுக்கே விழுவாய்.

"ஒரே ஒருக்காத்தான் கை விட்டவன். திண்டது வாழைப்பழமுமில்லை, ரொபி."

அதுதான் உன் குணம். நான் ஒன்றைப் பத்தாக்குவேன், நீ அந்தப் பத்தைப் பிடித்துத் திருப்பி ஒன்றாக்குவாய். லண்டனுக்கு நான் ஏழு நாடு கடந்து வந்தேன் என்றால், "மூண்டு" என்பாய். அதுகூடப் பரவாயில்லை. கரியரிலிருந்து இறங்கும்போது ஒருநாளாவது "நல்லா ஓடினாய்" என்று சொன்னாயா? "நேரத்துக்கு வந்திட்டம்" என்பாய். ஏதோ பஸ்ஸில் வந்தவன் மாதிரி. அந்த ஒரு சொல்லுக்கு நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அவ்வளவு சத்தமாகப் புளுகினேன்.

இங்கே நீ படிக்க வந்து, சோதனை எல்லாம் பாஸ் பண்ணி, ரோட்டுப் போடுகிற எஞ்சினியர் ஆனாய். எட்டாம் வகுப்போடு கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டிருந்தது. நான் பாண் போடுகிற தொழிற்சாலையில் ஷிப்ட் அடித்தேன். தலைமைப் பேக்கர் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நீ வாயே திறக்காமல் விட்ட பொய் அது ஒன்றுதான். ஏன் விட்டாய் என்று கேட்க நினைத்து, கேட்காமலே இருந்துவிட்டேன்.

சைக்கிள் பார்க்கிற அந்த வேலை உனக்குக் கிடைத்த அன்று, நாம் இருக்கிற ரெய்னர்ஸ் லேனில் நீ முதலில் ஏறிய படி என் வீட்டுப் படிதான். ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் சனத்தைச் சைக்கிளில் ஏற்ற என்னென்னவோ செய்கிறார்களாம். ஓர் ஊர் தனிப் பாதை போடும். இன்னோர் ஊர் தெருவோரத்தில் வாடகைச் சைக்கிளை வரிசையாக நிறுத்தி வைக்கும். வேறோர் ஊர் வளர்ந்த ஆட்களுக்குச் சைக்கிள் பழக்க வகுப்பு நடத்தும், ஞாயிற்றுக்கிழமை காரை மறிக்கும். இவற்றில் எது உண்மையாகவே சனத்தை ஏற்றியது, எது படம் எடுக்கிறதோடு முடிந்தது என்று போய்ப் பார்த்து எழுத வேண்டும். கோப்பன்ஹேகன், ஆம்ஸ்டர்டாம், செவில், பாரிஸ். நீ ஊர்ப்பெயர்களைச் சொல்லச் சொல்ல என் வயிற்றில் ஒவ்வோர் அடுப்பாகப் பற்றியது.

"நீயோ? சைக்கிளுக்கோ?" என்றேன்.

"ஓடுறதுக்கில்லையடா, பாக்கிறதுக்கு."

"ஓடத் தெரியாதவன் என்னத்தைப் பாப்பான்?"

"ஓடத் தெரிஞ்சவன் தன்னைத்தான் பாப்பான்" என்றாய்.

பவா அன்று உனக்குப் பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தாள். எனக்குப் பெற்றோல் ஷெட்டில் சும்மா கொடுத்த கோப்பை. இதையெல்லாம் மனிதன் மறப்பானா?

மறுநாளே, ஸ்டேசனுக்குக் கிட்ட மரக்கறிக் கடை வைத்திருக்கிற செல்வத்திடம் போய், "நாங்கள் ரெண்டு பேரும்தான் போறம். அவன் எழுத, நான் ஓடிப் பாக்க" என்று எடுத்துவிட்டேன். கதை பின்னேரத்துக்குள் உன் காதுக்கு வந்துவிட்டது. மறுப்பாய், மானம் போகும் என்று இரண்டு நாள் கடைப்பக்கம் போகாமல் இருந்தேன். நீ மறுக்கவில்லை. ஆம்ஸ்டர்டாம் பயணத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். என் பொய்யை உண்மையாக்கி, அதாலேயே என் வாயை அடைத்துவிட்டாய்.

ஆம்ஸ்டர்டாம் கதையை இங்கே நான் எப்படிச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்: ஒல்லாந்துச் சம்பியனோடு பாலம் வரைக்கும் போட்டி, நான் முன்னுக்கு, கடைசி நேரத்தில் செயின் கழன்றது. உனக்கு எழுதுகிறபடியால் உள்ளதை எழுதுகிறேன். முன்பக்கம் மரப்பெட்டி பூட்டிய சைக்கிளில் இரண்டு பிள்ளைகளையும் ஒரு பை மரக்கறியையும் வைத்துக்கொண்டு வந்த ஒரு தாய், பெல் அடித்து, என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு முந்திக்கொண்டு போனாள். பாட்டு வேறு பாடிக்கொண்டு போனாள். நீ பாலத்தடியில் மடக்குக் கதிரையில் இருந்து அதைப் பார்த்தாய். டிக் என்று அவளை எண்ணினாய்.

மூச்சு வாங்க உன் பக்கத்தில் வந்து நின்று கேட்டேன்: "இஞ்சை பாக்கிற இடமெல்லாம் சைக்கிள்தானே. எண்ணி என்னத்தைக் காணப்போறாய்?"

"பாதையை எண்ணுறதெண்டால் கந்தோர் மேசையிலை இருந்தே எண்ணலாம். எத்தினை மைல் பெயின்ற் அடிச்சவங்கள் எண்டு எழுதிப்போட்டுப் போயிடலாம். நான் வந்தது மரக்கறிப் பையோட போற மனுசியை எண்ண. அவ பயமில்லாமல் போறாவெண்டால் அந்த ஊர் வெண்டிட்டுது. உன்னைப்போல சண்டியன் எந்த ரோட்டிலையும் போவான். உன்னை எண்ணி ஒரு பிரயோசனமுமில்லை."

உன்னை எண்ணி ஒரு பிரயோசனமும் இல்லை. அந்த வார்த்தையை நான் ஆம்ஸ்டர்டாமிலிருந்து லண்டன் வரைக்கும் சுமந்துகொண்டு வந்தேன். ஐரோப்பாவில் போகிற வருகிற எல்லாரையும் எண்ணுகிற மனிதன், என்னை மட்டும் எண்ண மாட்டானாம்.

வந்த கையோடு என் வீட்டு மேசையில் வைத்துப் பவாவிடம் கேட்டாய்: "நீங்கள் ஊரிலை சைக்கிள் ஓடினனீங்கள்தானே. இஞ்சை ஏன் ஓடேல்லை?"

"ஊரிலை படிப்பிக்கப் போக நாளுக்கு எட்டு மைல் உழக்கினனான் அண்ணை, சீலையோட. இஞ்சை ஓடினால், கார் வாங்க வக்கில்லாததுகள் எண்டு கோயிலிலை கதைப்பினம். ரெண்டு தெரு தள்ளிக் கருவேப்பிலை வாங்கவும் எங்கட சனம் காரிலைதானே போகுது."

"அப்ப ஓட விருப்பமில்லையோ?"

"விருப்பமில்லையெண்டு ஆர் சொன்னது? அங்கை எல்லாரும் ஓடினவை, நானும் ஓடினன். இஞ்சை ஆராவது முதல் ஓடட்டும்."

நீ நோட்டுப் புத்தகத்தை எடுத்து அதை அப்படியே எழுதினாய். என் வீட்டில், என் மேசையில், என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, என் மனுசியின் வாய்ச்சொல்லை ஐரோப்பா அறிக்கைக்குள் ஏற்றினாய். என்னிடம் ஒரு வசனம் கேட்கவில்லை. நான் ஒல்லாந்துச் சம்பியன் கதையைத் தொடங்க, "அது பிறகு" என்றாய்.

இந்த எரிச்சல் ஆறுவதற்குள் கவுன்சில் நம்முடைய கடைத்தெருவில், செல்வத்தின் கடை வாசலோடு, சோதனைக்கென்று ஒரு சைக்கிள் பாதையைப் போட்டது. கார் விட்ட இடத்தில் பிளாஸ்டிக் தூண்களை வரிசையாக நட்டார்கள். சில மாதம் பார்த்துவிட்டு, கூட்டம் வைத்து, விடுவதா பிடுங்குவதா என்று முடிவு செய்வார்களாம். உன் அறிக்கைக்கு லண்டனிலும் ஒரு தெரு வேண்டும் என்று அதையே நீ எடுத்துக்கொண்டாய். அதுவரைக்கும் அந்தக் கடைவாசலில் சைக்கிளைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். இப்போது நீ கொத்தமல்லி வாங்க வந்தாலும் சுற்றி நின்றுகொண்டு, "சேர், உந்தப் பாதை நல்லதோ கூடாதோ, நீங்கள் சொல்லுங்கோ" என்றார்கள். சேராம், சேர். பிரேக் பிடிக்கத் தெரியாத சேர்.

பாதையைப் பிடுங்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிற தாளை அன்றைக்கே செல்வத்தின் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். கார் விட இடமில்லை, வியாபாரம் படுக்குது என்று மேலே எழுதினேன். செல்வத்துக்கு அது உண்மையான கவலை. எனக்குக் காரே இல்லை. நான் பிடுங்க நினைத்தது பாதையை இல்லை, உன் "சேர்" பட்டத்தை. நீ அந்தத் தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை வாசித்தாய். "கடைக்காரரின்ர கஸ்ரமும் எண்ண வேண்டிய கஸ்ரம்தான். கூட்டத்திலை மறக்காமல் சொல்லு" என்று திருப்பி வைத்துவிட்டுப் போனாய். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

பிறகு வந்தது நீ எண்ணிய அந்தச் சனிக்கிழமைக் காலை. ஸ்டேசன் பக்கம் மடக்குக் கதிரையைப் போட்டு, மடியில் ஒரு பிளாஸ்க்கோடு உட்கார்ந்தாய். என் மண்டைக்குள் ஒரு திட்டம் இருந்தது. கொட்டிலுக்குள் கிடந்த என் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்து, அந்தப் பாதையில் மேலும் கீழும் போய்க்கொண்டே இருப்பது. நீ நேர்மையான மனிதன், கண்ணுக்கு முன்னால் போகிற சைக்கிளை எண்ணாமல் விடமாட்டாய். கூட்டத்தில் நான் எழும்பி நின்று, "இவர் எண்ணினதிலை பாதி நான்தான்!" என்று போட்டு உடைப்பேன். உன் அறிக்கை குப்பைக்குப் போகும். செல்வம் இதைக் கேட்டுவிட்டு, "அண்ணை, உங்கட மூளைக்கு நீங்கள் எம்.பி.யாய் இருக்க வேணும்" என்றான். அவன் அப்படிச் சொன்னது மட்டும் புளுகு இல்லை, சத்தியமாகச் சொன்னான்.

முதல் தடவை, "குட் மோர்னிங் சேர்" என்று தலையாட்டிவிட்டுப் போனேன். நாலாம் தடவை, "என்ன சேர், சுகமோ?" ஏழாம் தடவை இரண்டு கையையும் விட்டுவிட்டு, நெஞ்சில் கைகட்டிக்கொண்டு உனக்கு முன்னால் போனேன். அறுபத்துமூன்று வயதில்! எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மா கைதட்டினாள். நீ தட்டவில்லை. "டேய், குளிருது, தொப்பியைப் போடு" என்றாய். அப்போதுதான் பார்த்தேன், உன் இரண்டு கையிலும் ஒவ்வொரு கருவி இருந்தது. மற்றவர்கள் போகும்போது வலக்கை அமத்தியது. நான் போகும்போது இடக்கை.

"இடக்கையிலை என்னடா?" என்று ஓடிக்கொண்டே கத்தினேன்.

"அது வேற கணக்கு."

ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்றாக்கும் என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக உழக்கினேன். கடைசியில் முழங்கால் என் பேச்சைக் கேட்க மறுத்தது. நீ பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணியை ஊற்றி நீட்டினாய். "காணும், வா. ஆறப்போகுது."

நடைபாதை விளிம்பில் உன் காலடியில் குந்தியிருந்து குடித்தேன். எனக்கு மூச்சு இழுத்தது. நீ என்ன செய்கிறாய் என்றோ ஏன் செய்கிறாய் என்றோ கேட்கவில்லை. "முழங்கால் நோகுதோ?" என்று மட்டும் கேட்டாய்.

"நோவோ? இன்னும் அம்பது தரம் போவன்."

"போவாய்" என்றாய்.

கூட்டத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது உனக்கு நெஞ்சுநோ வந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வாயில் மாட்டியிருந்த மூடியை விலக்கிவிட்டு, "கூட்டத்துக்கு வருவாய்தானே?" என்று கேட்டாய்.

"வாறன். வந்து உன்ர அறிக்கையைக் கிழிச்சுத் தொங்கவிடுறன்."

"கிழி. முதல் வாசிச்சுப்போட்டுக் கிழி."

நீ என்னோடு கதைத்த கடைசிக் கதை அது. இரண்டு நாளில் போய்விட்டாய். அதிலும் நீதான் முந்தினாய்.

உன் செத்தவீட்டைப் பார்த்தும் எனக்கு எரிந்தது, மறைப்பானேன். கறுப்பு உடுப்போடு, தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெள்ளைக்காரர் சைக்கிளில் வந்தார்கள். மயான மண்டபத்துச் சுவரோரம் சைக்கிள் வரிசை. எனக்கு யார் சைக்கிளில் வருவார்கள்? கோப்பன்ஹேகனிலிருந்து வந்த, உன்னோடு வேலை செய்த ஒரு பெண்மணி என் கையைப் பிடித்தாள். நான் வழக்கம்போல, "அந்தக் காலத்தில் ஊரிலேயே பெரிய சைக்கிள்காரன் நான்தான்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் எடுத்துவிட்டேன். அவள் சிரிக்காமல், "தெரியும்" என்றாள். எப்படித் தெரியும் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அழுகிற அவசரத்தில் கேட்கவும் இல்லை.

ராணி பை கொண்டுவந்த மறுநாள் அறிக்கையைக் கையில் எடுத்தேன். கிழிக்கத்தான். வாசித்துவிட்டுக் கிழிப்பதாக உனக்கு வாக்குக் கொடுத்தது போலாகிவிட்டது, அதனால் பவாவைக் கூப்பிட்டேன். அவள் படித்தவள், இங்கிலீசை வாசித்து அப்படியே தமிழில் சொல்லுவாள். மாமிசத்துக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே ஊர் ஊராக வாசித்தாள். பாதை ஒன்றுக்கொன்று தொடுத்திருந்த ஊரில் சனம் ஏறியது, துண்டு துண்டாகக் கிடந்த ஊரில் இறங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். வகுப்பு நடத்தினால் மட்டும் போதாது, படித்தவர் ஓடப் பயமில்லாத ரோட்டும் வேண்டும் என்றிருந்தாய். அவளுடைய சொல்லும் வந்தது: இங்கே ஆராவது முதல் ஓடட்டும். பவா வெங்காயக் கத்தியை வைத்துவிட்டு அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். எனக்கு மறுபடி எரிந்தது.

கடைசியில் நம்முடைய தெரு. பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ஒரு குறிப்பு.

"அறுபது வயதைத் தாண்டிய உள்ளூர்க்காரர் ஒருவர் அன்று காலை முப்பத்தொரு தடவை கடந்து சென்றார்" என்று வாசித்த பவா, தலையை நிமிர்த்தி, "ஆரப்பா இந்த விசரன்?" என்றாள்.

நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன்.

அவள் மேசையில் கிடந்த கருவியைப் பார்த்தாள், கண்ணாடிக்குள் நின்ற இலக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஐயோ" என்றாள். பிறகு மிச்சத்தை வாசித்தாள். "இவரைத் தனியாக எண்ணி, மொத்தத்தில் ஒரு தடவை மட்டுமே சேர்த்திருக்கிறேன். இந்த வேலைக்காகப் பார்த்த எந்த ஊரிலும் இவரைவிட நன்றாகச் சைக்கிள் ஓடுகிற ஒருவரை நான் காணவில்லை."

நாற்பது வருசம், மச்சான். கரியரிலிருந்து இறங்கும்போது சொல்லியிருந்தால் ஒரு வினாடி வேலை. அதை ஐரோப்பா முழுக்கச் சுற்றி, ஆயிரக்கணக்கான சைக்கிளைப் பார்த்து, ஒப்பிட்டு, சரிபிழை பார்த்து, இங்கிலீசில் அச்சடித்து, நீ இல்லாத வீட்டிலிருந்து அனுப்பிவைத்தாய். நான் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பவா வெங்காயத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "இதை வெட்டுங்கோ" என்றாள். அழுகிறவனுக்கு ஒரு காரணம் தர அவளுக்குத் தெரியும்.

ஆனால் உன் தந்திரத்தைப் பார். வாழ்க்கையில் முதல்தரமாக எனக்கு ஒரு உண்மையான பெருமை கிடைத்திருக்கிறது, எழுத்தில், பெரிய ஊர்களின் பெயர்களோடு. அதை யாருக்காவது காட்டினால், முன்வரியில் என் கள்ளத்தனமும் கூடவே வரும். மூடிவைத்தால் நீ சொன்ன நல்ல சொல் பவாவுக்கும் எனக்கும் மட்டும்தான். இப்படி ஒரு பொறியில் என்னை மாட்ட உன்னால்தான் ஏலும்.

கூட்டம் நூலக மண்டபத்தில் நடந்தது. ஒரு கையில் கையெழுத்துத் தாள்கள், மறுகையில் உன் அறிக்கை. செல்வம் முன்வரிசையில் இருந்து கண்ணைக் காட்டினான். கவுன்சில் பெண்மணி என் பெயரைக் கூப்பிட்டாள். எழும்பி நின்றேன். கார்க் கதையைத்தான் முதலில் சொன்னேன், நீ மறக்காமல் சொல்லச் சொன்னாயே. கடைக்குச் சாமான் இறக்க இடம் வேண்டும் என்றேன். செல்வம் கைதட்டினான். அந்த இடத்தில் என் வாய் நின்றிருக்க வேண்டும். மச்சான், எனக்கு எப்போது நின்றது? பக்கத்தைத் திருப்பி, அந்தப் பொடி எழுத்தை, பவா எனக்குப் பழக்கிவிட்டபடி, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் இங்கிலீசில் வாசித்தேன்.

"அண்ணை! உதென்ன வாசிக்கிறியள்?" என்று செல்வம் பல்லைக் கடித்தான்.

"நான்தான் அந்த ஆள்" என்று மண்டபத்துக்குச் சொன்னேன். "முப்பத்தொரு தரம் போனவன் நான்தான். எண்ணிக்கையைப் பழுதாக்கப் போனவன். அவன் என்னை ஒருக்காத்தான் சேர்த்திருக்கிறான். மற்றதெல்லாம் உண்மையான ஆட்கள். அந்தக் கணக்குச் சரி. அதற்கு என்னைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு முழு மண்டபமும் சிரித்தது. கவுன்சில் பெண்மணி, "அப்படியானால் நீங்கள் பாதையை எதிர்க்கிறீர்களா, ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

"கடைசி வரியை இன்னொருக்கா வாசிக்கலாமோ?" என்று கேட்டேன்.

பாதையை இன்னும் ஒரு வருசத்துக்கு விட்டிருக்கிறார்கள். செல்வத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் சாமான் இறக்க இடம் குறித்துக் கொடுத்தார்கள். ஆனாலும் அவன் என்னோடு கோபம். தக்காளி கேட்டால் பெட்டிக்குக் கீழே நசிந்ததாகப் பார்த்துப் பொறுக்கித் தருகிறான். கடைவாசலில் அந்தப் பாதையைச் "சேற்ற பாதை", அதாவது சேருடைய பாதை, என்று சொல்லுகிறார்கள். அதற்கும் எனக்கு எரிகிறது. உழக்கினது நான், பெயர் உனக்கு.

இப்போது ஒவ்வொரு நாளும் காலையில் உன் கருவியைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு அந்தப் பாதையால் ஒருதரம் போய்வருகிறேன். நீ இருந்த இடத்துக்கு வரும்போது இடக்கையால் ஒரே ஒரு அமத்து. திரும்பி வரும்போது அமத்துவதில்லை, அது உன் சட்டம். முப்பத்தொன்றுக்கு மேலே கூட்டிக்கொண்டு வருகிறேன், திருகைத் தொடவில்லை. இன்று காலை நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்க, பவா கொட்டிலுக்குள் போனாள். நான் துருப்பிடிக்க விட்டிருந்த மற்றச் சைக்கிளை வெளியே உருட்டிக்கொண்டு வந்தாள். "கருவேப்பிலை முடிஞ்சுது" என்றாள். குளிர்ச் சட்டைக்குள் சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஏறினாள். இருபத்தைந்து வருசத்துக்குப் பிறகு, கோணாமல், ஆடாமல், என்னைவிட நேராகப் போனாள். கோயிலுக்குப் போகிற இரண்டு மனுசிமார் காரை மெதுவாக்கிப் பார்த்தார்கள். எனக்கு உடனே பொறாமை வந்துவிட்டது.

கருவியில் இப்போது எத்தனை என்று செல்வம் கடையில் கேட்டார்கள். நூறு தாண்டிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். உனக்கு எழுதுகிறபோது நாற்பத்தேழு. அந்தக் கடைசி ஒன்று நானில்லை மச்சான், பவா. பையில் கருவேப்பிலையோடு போனாள். வலக்கையால்தான் அமத்தினேன்.